டீக்கடை வரைக்கும் கேட்கிறது

ரயில்வே கேட் மூடிவிட்டது. ஜீப்புக்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று, அதற்கு முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கும் முன்னால் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பி. டிரைவர் மாதேசன் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "கூட்ஸு வண்டி போல. இருவது நிமிசம் ஆவும் சார்," என்றான். முன்சீட்டில் இருந்த திருஞானம் சார் திரும்பாமலே, "நல்லதாப் போச்சு. ஜீவிதா, அதுக்குள்ள பாரத்த முடிச்சிடும்மா. கையெழுத்துப் போட்டுக் குடு, நாலு மணி மீட்டிங்குல வைக்கணும்," என்றார். சரி சார் என்றாள் ஜீவிதா. சொன்னாளா, சொன்னதாக நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மடியில் அட்டை, அட்டையில் பாரம். பாரத்தில் ஒன்பது ஊர்கள், ஒன்பதும் மலையில் இருப்பவை. புதிதாகத் தொடங்கியிருக்கும் டிஜிட்டல் வானொலி அந்த ஊர்களில் எப்படிக் கேட்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். எட்டு ஊர்களுக்கு நாலு என்று பேனாவால் எழுதியாகிவிட்டது. ஒன்பதாவது ஊர் ஓடைப்பட்டி. அதற்கு நேராகவும் நாலுதான் இருந்தது, ஆனால் பென்சிலில். அது திருஞானம் சாரின் பழக்கம். காலையில் புறப்படும் முன்பே எல்லாக் கட்டங்களிலும் மெலிதாக எண்களைப் போட்டுவைத்துவிடுவார். "உனக்குச் சிரமம் வேண்டாம்னுதாம்மா. அளந்து பாத்துட்டு மேல பேனாவ ஓட்டிக்கோ." எட்டு முறை ஓட்டிவிட்டாள். ஒன்பதாவது நாலு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வால் கொஞ்சம் வளைந்திருந்தது, வண்டி ஏதோ பள்ளத்தில் இறங்கியபோது போட்டிருப்பார் போல.

மேலே ஓட்டுவது அவளுக்குப் புதிதில்லை. பால்வாடியில் டீச்சர் சிலேட்டில் புள்ளி புள்ளியாக அ போட்டுக் கொடுப்பார், மற்றப் பிள்ளைகள் புள்ளியை விட்டு எங்கெங்கோ போகும், இவள் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு புள்ளிகூடத் தப்பாமல் போய்ச் சேருவாள். நல்ல பிள்ளை என்றார்கள். அப்போதிலிருந்தே நல்ல பிள்ளைதான். கல்லூரியில் மின்னணுவியல் பிராக்டிகலில் என்ன விடை வர வேண்டும் என்பது போன வருஷத்து ரெக்கார்டில் இருக்கும். விடையை முதலில் எழுதிக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போல் அளவுகளைப் பின்னாலிருந்து உண்டாக்குவார்கள், வகுப்பு முழுக்க அப்படித்தான், லேப் அட்டெண்டர்கூட அதைத் தப்பென்று சொன்னதில்லை. ஒரே ஒரு முறை அவள் எடுத்த அளவு விடைக்கு வரவேயில்லை. மூன்று தடவை எடுத்தாள், மூன்றும் ஒரே மாதிரி விலகி நின்றது. மேடமிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று எழுந்து, பாதி வழி போய், மேடம் போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ரெக்கார்டைப் பார்த்து எழுதினாள். பத்துக்குப் பத்து. அந்த மீட்டர் கெட்டுப்போனது என்று அடுத்த மாதம் யாரோ சொன்னார்கள். கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான், அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நினைத்தாலும் காதுமடல் சுட்டது. வெயிலாகவும் இருக்கலாம். ஜீப்பின் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது, லாரியிலிருந்து கிழங்கு மண்ணின் வாசனை வந்தது, யாரோ ஒரு பெண் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கினாள்.

எட்டு இடத்திலும் கேட்டது, அது பொய்யில்லை. பளிங்கு மாதிரி கேட்டது. பழைய ரேடியோவில் தூரம் போகப் போக இரைச்சல் ஏறும், குரல் தேயும், ஆனாலும் காதைக் கொடுத்தால் ஏதோ பிடிபடும். இது அப்படியில்லை. கிடைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும், ஓர் எல்லை தாண்டினால் ஒன்றுமே இருக்காது. இரைச்சல்கூட இருக்காது. முதல் நாள் இதைப் படித்தபோது அவளுக்குப் பிடித்திருந்தது, சுத்தமான விஷயமாகத் தோன்றியது. ஆனால் எந்த எட்டு இடம்? ஜீப் நிற்க நிழல் வேண்டும், மாதேசனுக்கு ஒரு டீ வேண்டும், சாருக்கு உட்கார பெஞ்சு வேண்டும். நாலாவது இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. நிறுத்திய இடமெல்லாம் டீக்கடை. மலைச்சாலையின் திருப்பத்தில், மேட்டில், காற்று வீசும் இடத்தில்தான் டீக்கடை போடுவார்கள். ஊரோ அதிலிருந்து கீழே இருக்கும். டீக்கடையில் அளந்துவிட்டு ஊரின் பெயரை எழுதுகிறார்கள். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அப்படியே பழகிவிட்டது, போன வருஷத்து வரைபடத்தைப் பார்த்தாலும் புள்ளியெல்லாம் டீக்கடையாகத்தான் இருக்கும். மாதேசனிடம் மெல்லக் கேட்டாள், ஊருக்குள்ள போக வேண்டாமா என்று. "ஊருக்குள்ள எங்க மேடம் வண்டி திருப்பறது," என்றான். "அதுவுமில்லாம இந்தக் கடைல இஞ்சி தட்டிப் போடுவான். நீங்கதான் டீயே குடிக்க மாட்டேங்கறீங்க." அவள் குடிக்கவில்லைதான். காலை ஆறு மணியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? ஆண்களுக்கு மலை முழுக்க இருக்கிறது. ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றால் முடிந்தது. இந்தக் கணக்கெடுப்பைத் திட்டம் போட்டவர்கள் ஆன்டெனாவின் உயரம் முதல் அட்டையின் அளவு வரை எழுதிவைத்திருந்தார்கள். அளக்க வருபவளுக்கு ஒரு வயிறு இருக்கும் என்பதை எழுதவில்லை.

ஓடைப்பட்டிக்கான டீக்கடைக்கு வந்தபோது தாங்க முடியவில்லை. சார் சாப்பிட்டுவிட்டுப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார், மாதேசன் கடைக்காரனோடு யாரோ ஓடிப்போன கதை பேசிக்கொண்டிருந்தான். கடைக்காரன் மனைவியிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே காலில் விழலாம் போலிருந்தது. "இங்க எங்கம்மா. கீழ பள்ளிக்கூடத்துல ரூமு கட்டியிருக்காங்க, தண்ணிகூட வருது. கால்மணி நேரம் எறங்கணும். ஏறதுதான் சிரமம்." அளக்கக் கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோப் பெட்டியை வண்டியில் விட்டுப் போக முடியாது, தொலைந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பாதை கல்லும் வேருமாக இருந்தது, இரண்டு பக்கமும் பாறை உயர்ந்துகொண்டே போனது, வானம் ஒரு ரிப்பன் மாதிரி ஒடுங்கியது. போனில் ஒரு கோடுகூட இல்லை. பள்ளிக்கூடத்து அறையிலிருந்து வெளியே வந்தபோது உலகமே புதிதாக இருந்தது. அந்த நிம்மதியில்தான், வேறு எதனாலும் இல்லை, பெட்டியைத் திறந்து வைக்கலாமே என்று தோன்றியது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் வெள்ளச்சி என்றாள். ஒரு கால்மணி நேரம் இங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "வை வை. அதென்ன பாம் கீம் இல்லியே," என்றாள்.

திரை வெளிச்சமாக எரிந்தது. தேடுகிறது என்று எழுத்து வந்தது. வந்த எழுத்து போகவில்லை. ஆன்டெனாவை முழுக்க இழுத்தாள், திண்டின் மேல் வைத்தாள், முற்றத்தின் நடுவில் வைத்தாள், கடைசியில் வெள்ளச்சி வீட்டுக் கோழிக்கூண்டின் மேலேயும் வைத்துப் பார்த்தாள். தேடுகிறது. வெள்ளச்சி புளிக்கொட்டையைத் துப்புவதுபோல் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்பிள்ள ஒக்காந்திருப்பானே, அந்த மாரி இருக்குது. மினுமினுன்னு இருக்குது, வாயத் தொறக்க மாட்டேங்குது," என்றாள். உள்ளே போய்த் தன்னுடைய ரேடியோவை எடுத்து வந்தாள். பின்பக்க மூடி இல்லை, பேட்டரியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது. திருகினாள். கரகரவென்று, வறுக்கும் சத்தத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் பேசினான். மேற்கு மலையில் கனமழை, ஓடைகளைக் கடக்க வேண்டாம். அவ்வளவுதான் புரிந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது. "மேல மழ பேஞ்சா இங்க வெயிலடிக்கும். தண்ணி வர்றது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியறப்ப நேரம் போயிருக்கும்," என்றாள் வெள்ளச்சி. "ரேசனுக்குப் போவணும்னாலும் ஓடையத் தாண்டணும், எம்பொண்ணு பெரிய பள்ளிக்கூடம் போவணும்னாலும் ஓடையத் தாண்டணும். இவன் சொன்னா நாங்க போவ மாட்டம். இனிமே ஊருக்குப் பத்துப் புதுப் பொட்டி ஓசியா தருவாங்களாமே, இதான் அதா?" ஜீவிதா ஆமாம் என்றாள். "வந்துட்டா இவன் நின்னுடுவானா?" அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது ஊரிலும் நாலுக்குக் குறையாமல் வந்தால் அடுத்த மாதத்தோடு பழைய ஒலிபரப்பை மலைக்கு நிறுத்திவிடலாம் என்பதுதான் இன்றைய மீட்டிங்கே. வெள்ளச்சி கோபப்படவில்லை. பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். "கரகரன்னு இருந்தாலும் இவன் இருக்கான்னு தெரியுது. உன்னுது செத்துக் கெடக்குதா உசுரோட இருக்குதான்னே தெரியலியே பாப்பா," என்று சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள்.

மேலே ஏறி வந்தபோது மாதேசன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். சார் எழுந்து முகம் கழுவி நெற்றியில் விபூதிகூடப் பூசியாகிவிட்டது. எங்கேம்மா போனே என்றார், சும்மா சார் என்றாள். சும்மா. ஒரு மணி நேரம் பாறையில் இறங்கி ஏறி முட்டியில் ரத்தக் கோடு போட்டுக்கொண்டு வந்து சும்மா என்கிறாள். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் எங்க ஜீவி வாயில்லாப் பூச்சி என்று பெருமையாகச் சொல்வாள். பூச்சிக்கு வாய் இல்லை என்று யார் சொன்னது, தின்கிற பூச்சிகளையெல்லாம் அம்மா பார்த்ததில்லையா, முருங்கைமரத்தில் இருப்பதென்ன? இது ஆறு மாத வேலை. அடுத்த ஆறு மாதத்துக்கான ஆர்டர் வர வேண்டுமானால் திருஞானம் சார் ஒரு வரி எழுதித் தர வேண்டும். வேலை போனால் வீடு. வீடு என்றால் சேலை, தட்டு, காபி, உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை. சார் கெட்டவர் என்றால் சுலபமாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. காலையில் தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்து அவளுக்குக் கொடுத்தார், என் பொண்ணு வயசும்மா உனக்கு என்றார், வளைவுகளில் மெதுவாகப் போகச் சொன்னார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்றார். இத்தனையும் செய்கிற கைதான் பென்சிலால் நாலு போட்டது. அதில் என்ன தப்பு என்று அவரைக் கேட்டால் உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு ஊர். அறுபது வீடு. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? இந்த யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்பதில்தான் அவளுடைய நெஞ்சு போய் மாட்டிக்கொண்டது, துணி முள்ளில் மாட்டுவதுபோல், இழுத்தால் கிழியும், விட்டால் போக முடியாது. பார்க்கப் போனவள் அவள். யாரும் அனுப்பாமல், வயிறு அனுப்பிப் போனவள். போகாமல் இருந்திருந்தால் நாலின் மேல் நாலை ஓட்டிவிட்டு இந்நேரம் தூங்கியிருப்பாள். போய்விட்டாள். போகாதவளாக இனி ஆக முடியாது. மூன்று முறை எடுத்து மூன்றும் ஒரே மாதிரி விலகி நின்ற அளவு ஞாபகம் வந்தது. கெட்டுப்போனது மீட்டர் என்றார்கள். இல்லை, அன்றைக்கு நான்தான் என்று நினைத்தாள்.

கூட்ஸ் வந்தது. வண்டி அதிர்ந்தது, அட்டை அதிர்ந்தது, பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்துப் போயின, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் வெயில் வெட்டி வெட்டி முகத்தில் விழுந்தது. பேனா மூடியைக் கழற்றினாள். யாரும் பேச முடியாத, பேசினாலும் கேட்காத அந்தச் சத்தத்துக்குள் எழுதத் தொடங்கினாள். முதல் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, தெளிவாக, டீக்கடை வாசல் என்று எழுதினாள். இரண்டாவது ஊருக்கும் டீக்கடை வாசல். மூன்றாவதுக்கும். எட்டு முறை எழுதினாள், ஐந்தாவது முறை எழுதும்போது சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடைப்பட்டிக்கு நேராகப் பென்சில் நாலின் மேல் ரப்பர் போட்டாள், தாள் கொஞ்சம் சொரசொரப்பானது. அங்கே சைபர் எழுதினாள். பக்கத்தில் பள்ளிக்கூடத்து அருகில், பதினைந்து நிமிடம், ஒலி இல்லை என்று எழுதினாள். அதே இடத்தில் பழைய ஒலிபரப்பு கேட்கிறது என்றும் எழுதினாள். அதற்கு யாரும் கட்டம் போட்டுவைக்கவில்லை, ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது. கடைசிப் பெட்டியும் போனது. திடீரென்று எல்லாம் ஓய்ந்தபோது தன் மூச்சு தனக்கே கேட்டது.

"ஆச்சாம்மா?" சார் கையைப் பின்னால் நீட்டினார். கொடுத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். "இது என்ன, டீக்கடை டீக்கடைன்னு?" அளந்த இடம் சார் என்றாள். "ஊர் பேரு இருக்கில்ல?" ஊருக்குள்ள நாம போகலையே சார். மாதேசனுக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது. "நீ சும்மா இருப்பா. சரி, ஓடைப்பட்டிக்கு சைபர் போட்டிருக்க. அங்க வண்டியே போகாது, நீ எங்கேருந்து அளந்த?" நடந்து போனேன் சார். "யாரு போகச் சொன்னா?" இதோ வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குத்தான் அவள் கேட் மூடியதிலிருந்து பயந்துகொண்டிருந்தாள், இரண்டு ஆண்பிள்ளைகள், பட்டப்பகல், முன்னால் ஒரு பஸ் நிறைய ஜனம். "பாத்ரூம் போகப் போனேன் சார். டீக்கடைல இல்ல. அதுக்கு முன்னாடி நின்ன எட்டு எடத்துலயும் இல்ல. கீழ பள்ளிக்கூடத்துல இருக்குன்னாங்க, அதான் போனேன். பெட்டியும் எங்கூட இருந்துச்சு." சொல்லி முடித்த பிறகு பார்த்தால் உலகம் அப்படியேதான் இருந்தது. லாரி இருந்தது, வெயில் இருந்தது. சார்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். "அத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார், நிஜமான வருத்தத்தோடு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. அது வேற, இது வேற. ஒரு எடத்துக்காக மொத்த ரிப்போர்ட்டையும் கெடுக்கணுமா?" கெடல சார், அங்க கேக்கல, அவ்வளவுதான் என்றாள். "அடுத்த வாரம் உன்னோட ஆர்டர் எங்கிட்டதான் வருது, தெரியுமில்ல?" மிரட்டலாகச் சொல்லவில்லை, நாளைக்கு லீவு தெரியுமில்ல என்பதுபோலத்தான் சொன்னார். தெரியும் சார் என்றாள்.

அவர் பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பென்சிலைத் தொடவில்லை. பேனாவாலேயே ஒன்பது ஊர்களின் பெயரையும் எழுதி ஒன்பது நாலு போட்டார், வேகமாக, அழகான கையெழுத்தில். முப்பது வருஷம் பாரம் நிரப்பிய கை. "இந்தா. கீழ மட்டும் போட்டுடு." அளந்தவர் பெயரும் கையெழுத்தும் என்று கட்டம் போட்டிருந்தது. ஜீவிதா தாளை வாங்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீங்க எழுதினது சார். நீங்களே போட்டுடுங்க." குரலை உயர்த்தவில்லை, உயர்த்தவும் அவளுக்குத் தெரியாது. முன்னால் கேட் கம்பி ஆடி ஆடி மேலே போனது. பஸ் புகையை விட்டுக்கொண்டு நகர்ந்தது, லாரி நகர்ந்தது. திருஞானம் சாரின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போய், தாளுக்கு அரை விரல் உயரத்தில் நின்றது. தி என்ற எழுத்தைப் போடப் போவதுபோல் ஒரு சின்ன அசைவு. போடவில்லை. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹார்ன் அடித்தன. "எடுக்கட்டுங்களா சார்?" என்றான் மாதேசன், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தபடி. "இருப்பா," என்றார் சார். அவருடைய பிடரியில் வியர்வை ஒரு கோடாக இறங்கியதை அவள் பார்த்தாள், ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பேனாவை மூடினார். "உன் இஷ்டம்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். புதுத் தாள் ஒன்பது நாலுகளோடு, பெயர் இல்லாமல், டாஷ்போர்டில் கிடந்தது. ஜீவிதா முன்சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டினாள். "அந்த முதல் தாளக் குடுங்க சார். அதுல நான் இன்னும் கையெழுத்துப் போடல." கொடுத்தார். மாதேசன் யாரையும் கேட்காமல் கியரைப் போட்டான். தண்டவாளத்தின் மேல் ஜீப் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதே அட்டையை முட்டியில் அழுத்திக்கொண்டு, அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுப் பெயராகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினாள். குலுக்கலில் கடைசி எழுத்து ஒரு விரற்கடை தூரம் இழுத்துக்கொண்டு போனது. அவள் அதைத் திருத்தவில்லை.